பிரேக் பிடிக்காத வண்டியும் என் சம்பந்தியும்

கோவில்பட்டியில் ஓர் ஆசுபத்திரி வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, என் மகனைக் குடிகாரன் என்று சொன்னவர் என் சம்பந்தி. அந்த வார்த்தையை அவர் இன்னும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கும்வரை எனக்கும் அவருக்கும் ஒரே பேச்சுதான், அதை எடுங்கள் என்கிற பேச்சு. எனக்குப் படிப்பு குறைவு. பஸ்ஸின் பலகையைக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இப்படி மெதுவாக எழுதவும் செய்வேன். நடந்ததை நடந்தபடி எழுத இவ்வளவு போதும்.

அவர் விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறவர். வெள்ளாமை விளைகிற காடும் உண்டு, ஊரில் மரியாதையும் உண்டு. எனக்கு இருப்பது ஒரே மகன், அவன் அப்பா போய்ச் சேர்ந்து பல வருசம். தீப்பெட்டி செய்கிற ஆபீஸ்களில் இருந்து லாரி புக்கிங் ஆபீசுக்குப் பண்டல் ஏற்றிக்கொண்டு போகிற வாடகை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் மகளை அவனுக்குக் கட்டினோம். கல்யாணம் முடிந்த கையோடு அவரே ஒரு யோசனை சொன்னார். இரண்டு வீட்டுக்கும் வண்டி தேவைப்படுகிறது, ஒன்றாக இறக்குவோம் என்றார். சம்பந்தி வீடு இரண்டும் ஒரே முகூர்த்தத்தில் வண்டி எடுத்தால் ராசி ஒரே சீராக ஓடும் என்பது எங்கள் பக்கத்து நினைப்பு. அதனால் ஒரே நாள், ஒரே ஷோரூம், ஒரே மாதிரி நாலு சக்கர லோடு வண்டி. கோவில் வாசலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எல்லாச் சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

அவர் வண்டியின் முகப்பில் தன் மகள் பேரை மஞ்சள் எழுத்தில் எழுதி வாங்கினார். என் வண்டிக்கு என்ன எழுத என்று பெயிண்டர் கேட்டான். ஆர்சியில் என் பேர் எழுதியிருக்கிறது, அது போதும் என்றேன். என் கழுத்திலும் காதிலும் கிடந்ததெல்லாம் அந்த வண்டிக்குள் போயிருந்தது. என் பேரைப் போட எனக்கு உரிமை இருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் மகன் கிராமங்களுக்கு உர மூட்டை ஏற்றிப் போனான். கரிசல் நனைந்தால் எப்படி என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நடக்கிறவன் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாட்டுவண்டியோ லாரியோ, சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதில் அப்பி, காய்ந்து, கல்லாகி உட்கார்ந்துகொள்ளும். அதனால் மழைக்காலத்தில் எந்த வண்டிக்கு எது வந்தாலும் முதல் பழி மண்ணுக்குத்தான். ஒரு நாள் சாயங்காலம் மகன் வந்து, பிரேக் மிதி கீழே கீழே போகிறது என்று சொன்னான். மண் ஏறியிருக்கும் என்று நான் சொன்னேன். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். எட்டயபுரம் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவனும் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்தான் என்றான், கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி அனுப்பினான். கடப்பாரை முனையால் மண்ணைக் குத்திக் குத்தி எடுத்தோம். குழாய் போட்டுக் கழுவினோம். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் மிதித்தால் மிதி கெட்டியாக நின்றது. பார்த்தாயா, மண்தான் என்று எல்லோரும் சொன்னோம். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் வண்டியைத் திறந்து பார்த்திருப்பார்கள். எங்களுக்கு மண்ணைத் தெரியும், அதனால் திறக்கவில்லை.

தீபாவளிக்கு முன்பு மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வண்டியில் தீப்பெட்டிப் பண்டல், பக்கத்துச் சீட்டில் அவள். பஸ் ஸ்டாண்டில் அவளை இறக்கிவிட்டு லோடு இறக்கப் போவதாக மகன் கிளம்பினான். ரயில் பாலத்து இறக்கத்தில் முன்னால் ஒரு டவுன் பஸ் ஆள் ஏற்ற நின்றிருக்கிறது. இவன் மிதித்திருக்கிறான். மிதி தரையோடு போய்விட்டது. மறுபடி மறுபடி மிதித்திருக்கிறான். பஸ்ஸின் பின்பக்கப் படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வழி இல்லாமல் வண்டியை இடது பக்கம் ஒடித்து, ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் கொண்டுபோய் ஏற்றினான். வண்டியின் முகம் நசுங்கியது. அவன் நெற்றியில் தையல். மருமகளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. பஸ்ஸில் தொங்கிய ஒருவனுக்கும் நகக்கீறல் இல்லை. அதற்காக என் மகனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

சம்பந்தி ஆசுபத்திரிக்கு வந்தார். முந்தின நாள் எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீடு. அங்கே மகன் கூட்டாளிகளோடு நின்றதை எவனோ அவர் காதில் போட்டிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் என் மகன் குடித்தவன்தான், அதை நான் மறைக்க மாட்டேன். தாலி கட்டிய பிறகு தொடவில்லை, அதையும் நான் மறைக்க மாட்டேன்.

"பிரேக் பிடிக்கல மாமா" என்று தையல் போட்ட தலையோடு இவன் எழுந்து நின்று சொன்னான்.

"எங்கிட்டயும் அதே வண்டிதான் நிக்குது. ஒரே நாள்ல எடுத்தது. அது மட்டும் பிடிக்குதே, எப்படி? கல்யாண வீட்டுல ஊத்திட்டு என் பிள்ளைய ஏத்திட்டுப் போயிருக்கான், குடிகாரப்பய."

அதே வண்டி என்ற அந்த ஒரு சொல்தான் என் மகனைச் சாய்த்தது. நர்சு முதல் பக்கத்துப் பெட்டுக்காரி வரை எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஷோரூமில் போய்க் கேட்டோம். சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டி, நீங்கள் பராமரிக்கவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கரிசலுக்கு வாய் கிடையாது. இருந்திருந்தால் அன்றைக்கு அதுவும் சண்டைக்கு வந்திருக்கும்.

மருமகளை அவர் ஆசுபத்திரியில் இருந்தே கூட்டிப் போய்விட்டார். கைக்கட்டோடு அவள் காரில் ஏறியபோது ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கதவைச் சாத்தினார். நான் கூப்பிடப் போகவில்லை. கொண்டுபோனவர்கள்தான் கொண்டுவந்து விட வேண்டும், அது முறை. மகன் அதன் பிறகு வண்டியைத் தொடவில்லை. தான் லோடு இறக்கிய அதே லாரி ஆபீசில் மூட்டை தூக்கப் போனான். டீக்கடையில் நின்றால், "டீ மட்டும் போதுமாலே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போவான். வீட்டில் வந்து என்னிடம் சொல்ல மாட்டான். மற்றவர்கள் வந்து சொல்லுவார்கள். சொல்ல எங்கள் தெருவில் ஆளுக்கா பஞ்சம்.

முகப்பை நிமிர்த்தி வாங்கிய வண்டி வீட்டுப் பக்கத்து உடைமரத்தடியில் சும்மா நின்றது.

பங்குனியில் ஒரு நாள் ஷோரூமில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். வண்டிக்கு இலவசமாக ஒரு செக்கப் இருக்கிறது என்றாள். பராமரிக்கவில்லை என்று விரட்டினவர்கள் இலவசமாக எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பிரேக்கில் ஒரு சாமான் மாற்ற வேண்டியிருக்கிறது, கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுகிறது, அந்தச் சமயத்தில் விற்ற வண்டி எல்லாவற்றுக்கும்தான் என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். மாற்றுகிறவரை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னாள்.

"ஓட்ட வேண்டாம்னு இப்ப சொல்லுத தாயி. வண்டி ஐப்பசியிலயே மோதியாச்சு" என்றேன்.

சாரிம்மா, எந்தக் கிழமை உங்களுக்கு வசதி என்று கேட்டாள்.

மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டதும் சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. எழுந்து கையைக் கழுவினான். நீ வா, நேரில் கேட்போம் என்றேன். வர மாட்டேன் என்றான். இனி எவன் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மூட்டை தூக்கப் போய்விட்டான். ஷோரூமில் இருந்தே ஒரு டிரைவர் வண்டியை எடுக்க வந்தான். நானும் ஏறி உட்கார்ந்தேன். கஸ்டமர் வர வேண்டியதில்லை என்றான். என் பேரில் இருக்கிற வண்டியில் நான் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன், வண்டியை எடுத்தான்.

முதல் கியரை விட்டு மாறாமல், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடியே ஓட்டினான். வழியில் வாயைக் கிளறினேன். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று உண்டாம். அதற்குள் இருக்கிற ரப்பர் இந்த வண்டிகளில் சரியில்லையாம். ஓட ஓட ஊதி, ஆயிலைப் பிடிக்காமல் விட்டுவிடுமாம், மிதி தரைக்குப் போய்விடுமாம். ராத்திரி நிறுத்திப் போட்டால் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக நிற்குமாம். மண்ணைக் கழுவிவிட்டு நாங்கள் சந்தோசப்பட்டது அந்தக் காலைநேரக் கெட்டியைப் பார்த்துத்தான்.

ஷோரூம் பின்கட்டில் வண்டியை விட்டான். இறங்கினால், எதிரே ஒரு வண்டி நிற்கிறது. மஞ்சள் எழுத்து. அந்தப் பேரை நான் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. தளத்துப் பலகை இடுக்கெல்லாம் சிவப்பாக வத்தல் தூசி. அங்கே வேலை பார்க்கிற மெக்கானிக்கிடம் இந்த வண்டிக்கும் இன்றைக்குத்தான் மாற்றுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, இது சும்மா ஆயில் மாற்ற வந்தது, பிரேக் வேலை பொங்கலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, ஓனர் கூடவே நின்று பார்த்தார், முதல் ஆளாக அவர்தான் வந்தார் என்றான். மிதி கீழே போகிறது என்று அவரே சொல்லித்தான் கொண்டுவந்தாராம், கழற்றிய பழையதைக் கேட்காமலே போனாராம்.

பொங்கலுக்கு முன்னால். என் மகன் டீக்கடையில் தலை குனிந்து நின்ற நாட்கள் பொங்கலுக்குப் பின்னாலும் எத்தனையோ உண்டு.

கஸ்டமர்கள் காத்திருக்கிற கண்ணாடி அறைக்குள் போனேன். சம்பந்தி சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்கக்கா, சௌக்கியமா என்றார். நான் மூத்தவள் என்பதால் அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அந்த மரியாதையை அன்றைக்கும் நான் விடவில்லை.

"அதே வண்டின்னு சொன்னீங்களே தம்பி. சரியாத்தான் சொல்லிருக்கீங்க. அதே வண்டிதான்."

அவர் காப்பியைப் பார்த்தார். கம்பெனியில் சும்மா முன்ஜாக்கிரதைக்குத்தான் மாற்றுகிறார்கள் என்றார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அவரும் அதே முன்ஜாக்கிரதையைத்தான் சொன்னார். வண்டியில் குறை ஒன்றும் இல்லை, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக என்றார். நான் சண்டை போடவில்லை. கழற்றுகிற பழைய சாமானை என் கையில் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் கடையில்கூட அதுதான் வழக்கம். எதை மாற்றினாலும் பழையதைத் துணியிலோ பேப்பரிலோ சுற்றிக் கொடுத்துவிட வேண்டும். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி ஏமாற்றக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது. மேனேஜர் தர முடியாது என்றார். இந்தச் சாமானை எண்ணிக்கை பார்த்துக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், இது உத்தரவு என்றார்.

"நான் கெடுத்த சாமான்னா எங்கிட்டத் தந்துருவீங்க. நீங்க கெடுத்ததுனாத்தான் திருப்பி வாங்கி ஒளிச்சு வைப்பீங்க. மண்ணுன்னு சொன்னீங்களே, அந்த மண்ணையும் சேத்துக் கம்பெனிக்கு அனுப்புங்க" என்றேன்.

சம்பந்தி பக்கம் திரும்பினேன். ஒரு ஆணியைக்கூட ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர், பழைய டயரைக்கூட வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர். உங்கள் பழைய சாமான் எங்கே தம்பி, அதை ஏன் கேட்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் இறுகியது. இங்கே வேண்டாம், வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றார்.

"என் மவனை ஆசுபத்திரி வராந்தாவுல வச்சுத்தான சொன்னீங்க. இப்ப மட்டும் என்னத்துக்கு வீடு?"

சுற்றி நாலைந்து கஸ்டமர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதுதான் அவரைச் சுட்டது.

"பிரேக்கும் கெட்டிருக்கும், அவனும் குடிச்சிருப்பான்" என்றார்.

இதற்குமேல் அந்த ஆளிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்தேன். ஆயில் மாற்றித் தயாராக நின்ற அவர் வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவருடைய டிரைவர் பயந்துபோய் என்னம்மா என்றான்.

"உங்க ஊருக்கு எடு. பிரேக் மாத்துன வண்டிதான, பயப்படாம வருதேன்."

சம்பந்தி ஓடி வந்து இறங்கச் சொன்னார். நான் இறங்கவில்லை. அவர் வண்டியில் இருந்து சம்பந்தியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்தார் என்று பேர் எடுக்க அவருக்கு மனசில்லை. முன்னால் அதற்குமேல் இடம் கிடையாது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் காலிச் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். வத்தல் சாக்கு. எட்டயபுரம் தாண்டுகிறவரை அவர் தும்முவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினான். நான் அடக்கவில்லை.

அவர்கள் வீட்டுக் களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் காலால் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தாள். கை கூடியிருந்தது, ஆனால் மணிக்கட்டு கொஞ்சம் கோணல். வாங்கத்தை என்றாள். அவள் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. நின்ற இடத்தில் நின்றே சொன்னேன். ஷோரூம் பெண் போன் செய்தது, ரப்பர் ஊதுவது, அவர்கள் வண்டிக்குப் பொங்கலுக்கு முன்னால் மாற்றியது எல்லாம் சொன்னேன். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு முந்தியே தெரியுமாப்பா?"

அவர் வேட்டியில் இருந்த சிவப்புத் தூசியைத் தட்டினார். தட்டத் தட்ட அது பரவியது.

"அவிய பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் இருந்தாவ. நான் பக்கத்துலதான இருந்தேன்" என்றாள். "அன்னைக்கே சொன்னேன். உங்க காதுல விழல."

பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் என்னைக் கூப்பிட வரவில்லையே அத்தை என்றாள். குரல் கொஞ்சமும் தாழவில்லை. கொண்டுபோனவர்கள் கொண்டுவந்து விடுவதுதான் முறை என்று நானும் தாழாமல் சொன்னேன்.

"அப்ப நானே வாரேன். என்னை யாரும் கொண்டுபோவவும் வேண்டாம், கொண்டுவிடவும் வேண்டாம்."

உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன், முன்னால் போக அவள் விடவில்லை. பஸ்ஸில் கோவில்பட்டி வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேலும் கோபம்தான். இருக்கட்டும். கோபப்படத் தெரிந்த பெண்தான் என் வீட்டுக்கு வேண்டும்.

பிரேக் மாற்றி வந்த வண்டியை மகன் மறுவாரம் எடுத்தான். அவள்தான் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். இப்போது ஓட்டுகிறான். ஷோரூமில் இருந்து ஒரு மன்னிப்பும் வரவில்லை. அந்தப் பெண் மட்டும் போன் செய்து, சர்வீஸ் திருப்தியா, பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். என் மகனிடம் போனைக் கொடுக்கிறேன், அவன் குற்றமில்லை என்று உங்கள் மேனேஜரை ஒரு வரி சொல்லச் சொல், மார்க் தருகிறேன் என்றேன். லைனில் இருங்கள் என்றாள். பாட்டு ஓடியது, பிறகு கட்டாகிவிட்டது.

வைகாசியில் சம்பந்தியும் அவர் வீட்டம்மாளும் மாம்பழமும் பலகாரமுமாக வந்தார்கள். என் வீட்டுக்கு வந்தவர்களை நான் நிற்கவைக்க மாட்டேன். நாற்காலி போட்டேன். மருமகள் காப்பி கொடுத்தாள். அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தெருவில் நடக்கிற சாதாரண விசாரிப்பு மாதிரி, என் மகனிடம் பேச்சை எடுத்தார்.

"என்ன மாப்ளே, வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது மாமா" என்றான் இவன். அதோடு முடித்துக்கொள்ள அவனும் தயார்தான். என் மகனுக்கு என் குணம் வரவில்லை, அவன் அப்பா குணம்.

நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தின்பண்டத்துக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள், எதிர்வீட்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஆள் போதும் என்று நினைத்தேன்.

"ஆசுபத்திரியில சொன்னதை இங்கன எடுத்துருங்க தம்பி. நாலு பேரு நிக்காவ. ஒரு வார்த்தைதான். எடுத்துட்டுக் காப்பியைக் குடிங்க."

அவர் மனைவி அவர் கையைத் தொட்டார். அவர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார். மகன் எழப்போனான். மருமகள் அவன் தோளில் கையை வைத்து உட்காரவைத்தாள்.

பிறகு அவளே அந்தக் காப்பியை வாசலில் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.